எந்தப் பக்கம் என்று நான் எழுதவில்லை

அக்டோபர் 7, செவ்வாய்

சவேரியார்துறை ‘கரையோசை’ வானொலியின் ஒலிபரப்பு இன்று காலை ஆறு மணியிலிருந்து நிறுத்தப்பட்டுள்ளது. அதன் கோபுரத்தைப் பராமரிக்கும் ரெக்சன் மச்சாது பணியிலிருந்து விலக்கி வைக்கப்பட்டிருக்கிறார். இரண்டையும் உறுதி செய்தவர், வானொலியை நடத்தும் அறக்கட்டளையின் செயலாளர், தொலைபேசியில், 8.10க்கு.

காரணம் நேற்று வெளிவந்த என் செய்தி. நூறடி உயரக் கோபுரத்தைத் தரையோடு இழுத்துக் கட்டிய மூன்று ஸ்டே கம்பிகள் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஒன்றின் இறுக்கம் முந்நூறு கிலோ, இன்னொன்று நானூறு, மூன்றாவது ஐந்நூறு. கருவி அறையில் தொங்கும் பதிவேட்டில் ரெக்சனே எழுதி வைத்திருக்கிறார். வானொலியின் ஐந்தாம் ஆண்டு பற்றி எழுதச் சனிக்கிழமை போனபோது பார்த்தேன். கைபேசியில் படமும் எடுத்தேன். ஓய்வுபெற்ற பொறியாளர் தெய்வநாயகத்திடம் கேட்டேன். “கோபுரத்த மூணு கம்பி பிடிக்குதுன்னா மூணும் சமமா இழுக்கணும்” என்றார். ஞாயிறு காலை 8.15க்கும் 8.40க்கும் ரெக்சனை அழைத்தேன். எடுக்கவில்லை. ‘கருத்துப் பெற முயன்றும் தொடர்பு கிடைக்கவில்லை’ என்று கடைசி வரியில் சேர்த்தேன். எல்லாம் முறைப்படி.

செய்தி ஆசிரியர் பத்மநாபன் இன்று இரண்டு முறை அழைத்துப் பாராட்டினார்.

கேஸ் சிலிண்டர் வந்தது. சாப்பிடும்போது மனைவி உலகம்மாள் கேட்டாள்: “அந்தத் தம்பிய நேர்ல பாத்துக் கேட்டீயளா?” இரண்டு முறை அழைத்த விவரத்தைச் சொன்னேன். ரசம் ஊற்றிவிட்டு எழுந்து போனாள்.

அக்டோபர் 8, புதன்

வீட்டுத் தண்ணீர் மோட்டாருக்குக் கெப்பாசிட்டர் மாற்றியாகிவிட்டது. ரெக்சனை மூன்று முறை அழைத்தேன். எடுக்கவில்லை.

அக்டோபர் 9, வியாழன்

வெளியூரிலிருந்து நான்கு பேர் வரவழைக்கப்பட்டு மூன்று கம்பிகளும் ஒரே அளவுக்கு, நானூறு கிலோவுக்கு, முறுக்கப்பட்டன. உறுதி செய்தவர் செயலாளர். “உங்க செய்தியாலதான் சார் நடவடிக்க எடுத்தோம்” என்றார்.

முப்பத்தொரு வருட வேலையில் ஒரு செய்தி மூன்றே நாளில் பலன் தந்தது எத்தனை முறை என்று எண்ணிப் பார்த்தேன். இதையும் சேர்த்தால் நான்கு.

அக்டோபர் 10, வெள்ளி

கோபுரத்தின் உச்சி வடகிழக்குப் பக்கமாக ஒன்றரை அடி விலகியிருக்கிறது. செயலாளர் தூக்குக்குண்டு பிடித்துப் பார்த்திருக்கிறார். ரெக்சன் ஐந்து வருடமாகப் பராமரித்த லட்சணம் இது என்றும், புதன்கிழமை நிர்வாகக் குழு கூடி அவரை வேலையிலிருந்து நீக்கும் என்றும் சொன்னார்.

தொடர் செய்தியை மாலைக்குள் எழுதி முடித்துவிட்டேன். தலைப்பு: ‘சாய்ந்தது கோபுரம், மெய்யானது எச்சரிக்கை’. பத்மநாபன் படம் கேட்கிறார். நாளை காலை முதல் பேருந்தில் போக வேண்டும்.



அக்டோபர் 11, சனி

தொடர் செய்தியை அனுப்பவில்லை. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன்.

9.40க்குச் சவேரியார்துறையில் இறங்கினேன். கோபுரத்துக்கு நேர் எதிரே மீன் ஏலக்கூடம். அதன் முற்றத்தில் நின்று பேனாவைச் செங்குத்தாகப் பிடித்துக் கோபுரத்தோடு ஒப்பிட்டேன். சாய்வு வெறும் கண்ணுக்கே தெரிந்தது. கைபேசியை எடுத்துப் படம் பிடித்தேன்.

“நல்லா எடுங்க அண்ணாச்சி. சாய்ச்சவுக முகமும் அதுல விழட்டும்.”

பின்னால் நின்றவர் அல்போன்சா. ஏலம் கூறுகிறவர், ரெக்சனின் அண்ணன் மனைவி. எனக்கு இருபது வருடப் பழக்கம்.

“சாய்ச்சது யாரு?” என்றேன்.

“யாரா? வியாழக்கிழமை வந்து எல்லாத்தையும் ஒண்ணுபோல முறுக்குனானுவளே, அந்தப் பயலுவ. அதுக்கு முந்தி அஞ்சு வருசமும் கோயில் கொடிமரம் மாதிரி நின்னுச்சு. ரெண்டு புயலு பாத்துச்சு. நீங்கதான அதையும் பேப்பர்ல போட்டீய?”

உண்மை. இரண்டு புயலையும் நான்தான் எழுதினேன். இரண்டிலும் ‘கோபுரத்துக்குச் சேதமில்லை’ என்று ஒரு வரி இருக்கும்.

அடுத்த படம் எடுப்பதற்குள் கைபேசியை என் கையிலிருந்து வாங்கி இடுப்பில் செருகிக்கொண்டார். “இது இங்க இருக்கட்டும். மொதல்ல கேட்டுட்டு அப்புறம் எடுங்க. ஞாயித்துக்கிழமை எட்டேகாலுக்கு என் கொழுந்தனுக்குப் போன் போட்டீயளாமே? பூசைக்கு உள்ள உக்காந்திருந்தான். இத்தன வருசமா இந்தக் கரைக்கு வாறீய, எட்டு மணிப் பூசை தெரியாதா ஒங்களுக்கு?”

தெரியும். சுற்றிலும் கூடை வைத்திருந்த பெண்கள் சிரித்தார்கள்.

ரெக்சன் முற்றத்து மூலையில் ஐஸ் உடைக்கும் இயந்திரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தார். வயது முப்பத்தெட்டு. மஸ்கட்டில் கோபுர வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகளோடு இருக்க வேண்டும் என்று ஐந்து வருடத்துக்கு முன் பாதிச் சம்பளத்துக்கு இங்கே வந்தவர். இந்த வேலை போனால் மறுபடி மஸ்கட்தான். இங்கே வேறு கோபுரம் இல்லை. மூத்த பெண் பதினொன்றாம் வகுப்பு, இளையவள் ஆறாம் வகுப்பு.

என்னைப் பார்த்ததும் கையைத் துடைத்துக்கொண்டு எழுந்தார். “வாங்க அண்ணாச்சி” என்று ஒரு நாற்காலியை நிழலில் இழுத்துப் போட்டார். திட்டுவார் என்று எதிர்பார்த்து வந்திருந்தேன். அதற்கான பதில்களும் வைத்திருந்தேன்.

“மூணு கம்பிக்கும் ஏன் மூணு அளவு?” என்று கேட்டேன்.

“இத நீங்க போன சனிக்கிழமை கேட்டிருக்கலாம்” என்றார். குரல் உயரவில்லை. பிறகு அல்போன்சாவிடம், “மைனி, மூணு தராசு வேணும்” என்றார்.

மீன் நிறுக்கும் ஸ்பிரிங் தராசுகள் மூன்று வந்தன. கொக்கிகள் மூன்றையும் ஒரு இரும்பு வளையத்தில் மாட்டினார். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக் கட்டியால் ஒரு புள்ளி வைத்து, அதிலிருந்து மூன்று கோடுகள் இழுத்தார். ஒன்று வடக்கே, கல்லறைத் தோட்டத்தை நோக்கி. ஒன்று கிழக்கே, கடலுக்கு. மூன்றாவது தென்மேற்கே, தெற்குப் பக்கம் கொஞ்சம் கூடுதலாகச் சாய்ந்து.

“நம்ம கம்பி மூணும் இப்படித்தான் போவுது. சமமாப் பிரிச்சு முளை அடிக்கணும்னுதான் மொதல்ல பாத்தோம். ஒரு முளை வள்ளம் கரையேத்துற பாதையில விழுந்துச்சு. இன்னொண்ணு கல்லறைத் தோட்டத்துச் சுவருக்குள்ள. வள்ளத்துப் பாதைய அடைக்க முடியுமா? செத்தவுகள எழுப்ப முடியுமா? அதனால ரெண்டையும் உள்ள தள்ளி அடிச்சோம். வடக்கும் கிழக்கும் கிட்டக் கிட்ட வந்துட்டு. அந்த ரெண்டையும் தனியா நின்னு பிடிக்கிறது தென்மேற்குக் கம்பி.”

வடக்குத் தராசை அவர் பிடித்தார். கடல் பக்கம் அல்போன்சா. தென்மேற்கு எனக்கு.

“கோட்ட விட்டு வெலகாம இழுங்க. வளையம் புள்ளியிலயே நிக்கணும். நீங்க அஞ்சு கிலோவுல நிறுத்துங்க அண்ணாச்சி.”

இழுத்தேன். முள் மூன்றரையில் நின்றது.

“என்ன அண்ணாச்சி, நாலு வரி எழுதி ஒரு கோபுரத்தையே சாய்ச்ச கை, அஞ்சு கிலோவுக்கு நடுங்குது?” என்றார் அல்போன்சா.

“அவரு பேனா பிடிக்கிற கையி, விடு மைனி.”

“நானும் பேனா பிடிக்கிறேன், ஏலச்சீட்டு எழுத!”

காலை ஊன்றி இழுத்தேன். ஐந்து. ரெக்சனின் தராசைப் பார்த்தேன்: நான்கு. அல்போன்சாவினுடையது: மூன்று. மூன்று பேரும் இழுத்துக்கொண்டுதான் இருந்தோம். ஒருவர் இழுத்த அளவுக்கு இன்னொருவர் இழுக்கவில்லை. வளையம் புள்ளியின் மேல் அசையாமல் கிடந்தது.

“இப்ப மூணு பேரும் நாலு” என்றார் ரெக்சன்.

நான் ஒரு கிலோ குறைத்தேன். அல்போன்சா ஒரு கிலோ கூட்டினார். வளையம் புள்ளியை விட்டு அவர்கள் இருவருக்கும் நடுவே நகர்ந்தது. அது நகர்ந்த பக்கம் வடகிழக்கு. தலையைத் தூக்கிக் கோபுரத்தைப் பார்த்தேன். அதே பக்கம்.

“ரெண்டே பேரு இழுத்தா சமமா இழுக்கணும் அண்ணாச்சி. இல்லன்னா பெரியவன் பக்கம் போயிரும். மூணு பேருன்னா சமமா இருக்கணும்னு இல்ல. எவ்வளவுங்கிறதோட எந்தப் பக்கம்ங்கிறதும் சேர்ந்தாத்தான் கணக்கு. ஒங்க செய்தியில எவ்வளவுன்னு இருந்துச்சு. எந்தப் பக்கம்னு இல்ல.”

அவ்வளவுதான் சொன்னார். மறுபடி ஐஸ் இயந்திரத்துக்குப் போய்விட்டார்.

பேருந்து வரும் வரை அல்போன்சா டீ வாங்கிக் கொடுத்தார். கைபேசியைத் திருப்பித் தரும்போது முந்தானையால் துடைத்துத் தந்தார். அவர் அதைப் பிடுங்காமல் இருந்திருந்தால் படத்தை அங்கிருந்தே அனுப்பியிருப்பேன். இன்று மாலைக்குள் இரண்டாவது செய்தியும் அச்சுக்குப் போயிருக்கும். இந்த நன்றியை அவரிடம் சொல்லவில்லை. டீ நன்றாக இருக்கிறது என்று மட்டும் சொன்னேன்.

அக்டோபர் 12, ஞாயிறு

திருத்தம் எழுதுவதற்கு முன் இன்னும் ஒரு முறை சரிபார்ப்பது நல்லது என்று தோன்றியது.

காலையில் மொட்டை மாடியில் துணி காயப்போட வேண்டியிருந்தது. காயப்போட்ட பிறகு, தண்ணீர்த் தொட்டியின் மூலையிலிருந்து வடக்கே நான்கு எட்டு எடுத்து வைத்தேன். அங்கிருந்து கிழக்கே மூன்று எட்டு. அங்கிருந்து தொட்டி மூலையைப் பார்த்து நேராகத் திரும்பி நடந்தேன். சரியாக ஐந்து எட்டு. புறப்பட்ட இடத்திலேயே நின்றேன். பன்னிரண்டு எட்டு நடந்தும் எங்கும் போகவில்லை. நான்கு முறை நடந்து பார்த்தேன். எட்டின் நீளத்தை மாற்றாதவரை விடையும் மாறவில்லை.

உலகம்மாள் வாளியோடு நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். “நடைப்பயிற்சியா?”

“சரிபார்க்கிறேன்.”

“நேத்து வந்ததுமே எல்லாம் தெரிஞ்சிட்டுன்னு சொன்னீயளே?”

தெய்வநாயகத்தை அழைத்தேன். திசைகளைச் சொன்னேன். “நயினார், நீங்க எனக்கு மூணு எண்ணு மட்டுந்தான் சொன்னீங்க. நான் கம்பிகள் சமமாப் பிரிஞ்சு நிக்குதுன்னு நெனச்சுப் பதில் சொன்னேன். நீங்க கேக்கல, நானும் கேக்கல.” பிறகு அவரே சொன்னார்: “குழுவுக்கு நான் ஒரு கடிதம் எழுதித் தாறேன். என் கையெழுத்தோட.” எழுபத்திரண்டு வயது. யாரும் கேட்காமலே தன் பங்கை ஏற்றுக்கொள்கிறார். நன்றி சொன்னேன், இந்த முறை வாய்விட்டு.

மாலையில் பதிவேட்டின் படத்தைக் கைபேசியில் பெரிதாக்கிப் பார்த்தேன். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் இன்னொரு பத்தி இருக்கிறது. வ., கி., தெ.மே. தெளிவான கையெழுத்து. ஒரு வாரமாக என் சட்டைப்பையிலேயே இருந்திருக்கிறது.

அக்டோபர் 13, திங்கள்

திருத்தத்தைக் காலை 10.30க்கு எழுதி முடித்தேன். எட்டு முறை அடித்து எழுதினேன். முதல் ஏழிலும் ‘தகவல் பரிமாற்றக் குறைபாட்டால்’ என்பது போல ஏதோ ஒன்று இருந்தது. எட்டாவது:

‘சவேரியார்துறை வானொலிக் கோபுரத்தின் கம்பிகள் வெவ்வேறு இறுக்கத்தில் இருந்தது குறை என்று அக்டோபர் 6 அன்று எழுதியது தவறு. கம்பிகள் செல்லும் திசைகளுக்கு அந்த அளவுகளே சரியானவை. அவை சேர்ந்து ஒன்றையொன்று முழுவதுமாக ஈடுசெய்தன. சமமாக முறுக்கிய பிறகே கோபுரம் சாய்ந்தது. பதிவேட்டில் திசைகள் எழுதப்பட்டிருந்தும் செய்தியாளர் அவற்றைக் கவனிக்கவில்லை. பராமரிப்பாளர் ரெக்சன் மச்சாதுவிடம் வருத்தம் தெரிவிக்கிறோம்.’

பத்மநாபனை அழைத்தேன்.

“திருத்தமா? ஏழாம் பக்கம் கீழ நாலு வரி போட்டுடலாம் சார்.”

“செய்தி மொதப் பக்கத்துல மூணு பத்தி வந்துச்சு.”

“நாளைக்கு மொதப் பக்கத்துல பாதி ஜவுளிக்கடை சார்.”

“மீதிப் பாதி இருக்குல்லா?”

“ஒங்க பேரோடவா?”

“செய்தி என் பேரோடதான வந்துச்சு.”

“ஓய்வுக்கு ஏழு மாசம் இருக்கு. இது தேவையா சார்?”

அவர் அலுவலகத்தில் யாரோ அச்சகத்துக்கு நேரமாகிறது என்று கத்துவது கேட்டது. பிறகு பத்மநாபன் சொன்னார்: “வெறும் எழுத்தா இருந்தா எவனுக்கும் புரியாது. அந்த முக்கோணத்த வரைஞ்சு அனுப்புங்க. நாலு, மூணு, அஞ்சு, அம்புக்குறி போட்டு. ஆறு மணிக்குள்ள வேணும்.”

என்னைவிடப் பத்து வயது இளையவர். ஏழாம் பக்கத்திலேயே நின்றிருக்கலாம். நான் மறுத்திருக்கவும் மாட்டேன் என்று நினைக்கிறேன்.

உலகம்மாள் ஸ்கேல் தேடி எடுத்துக் கொடுத்தாள். கோடு நேராக வரும்வரை தாளை அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

அக்டோபர் 14, செவ்வாய்

வெளிவந்தது. முதல் பக்கம், படத்துடன். மத்தியானத்துக்குள் பதினோரு அழைப்புகள். மூவர் கேலி செய்தார்கள். ஒருவர் முப்பது வருடத்துக்கு முந்தைய ஒரு செய்தியையும் திருத்தச் சொன்னார். பள்ளி ஆசிரியை ஒருவர் முக்கோணத்தைக் கரும்பலகையில் வரைந்துவிட்டதாகச் சொன்னார். ரெக்சன் அழைக்கவில்லை. அழைக்க வேண்டிய அவசியமும் இல்லை.

முதல் மழை. மாடித் துணியை ஓடிப்போய் எடுத்தோம்.

அக்டோபர் 15, புதன்

கோபுரம் நேராக நிற்கிறது. தூக்குக்குண்டில் விலகல் அரை அங்குலத்துக்கும் குறைவு. ஒலிபரப்பு மாலை 5.30க்குத் தொடங்கியது; முதல் அறிவிப்பு நாளைய காற்றின் வேகம். மூன்றையும் நேரில் பார்த்தும் கேட்டும் உறுதி செய்தவன் நான்.

குழு காலை பதினோரு மணிக்குக் கூடியது. தெய்வநாயகத்தின் கடிதத்தைச் செயலாளர் படித்தார். பிறகு, தங்கள் முன்னிலையில் கம்பிகளைப் பழைய அளவுக்குக் கொண்டுவரும்படி ரெக்சனிடம் சொன்னார்கள். ஏலக்கூடமே வேலையை நிறுத்திவிட்டு வந்து நின்றது. ஒரு சுற்று தென்மேற்கே முறுக்குவார், நடந்து போய்க் கிழக்கே தளர்த்துவார், கருவியை வைத்துப் பார்ப்பார், மறுபடி நடப்பார். இரண்டரை மணி நேரம். கோபுரம் நிமிர்வது யார் கண்ணுக்கும் தெரியவில்லை. தூக்குக்குண்டு மட்டும் தரையில் போட்ட குறியை நோக்கி மெல்ல மெல்ல வந்தது.

“ஐந்நூறு” என்று கடைசியாகப் படித்தார். பதிவேட்டில் எழுதினார். பக்கத்தில் ‘தெ.மே.’ என்றும் எழுதினார்.

ஆனால் அவர் வேலை இன்னும் முடிவாகவில்லை. அளவுகளின் காரணத்தைத் தொடக்கத்திலேயே குழுவுக்கு எழுத்தில் தந்திருக்க வேண்டும், தராதது குறைதான் என்று ஓர் உறுப்பினர் வாதிட்டார். இன்னொருவர், சமமாக முறுக்கச் சொன்ன உத்தரவை யார் போட்டது என்று கேட்டார். செயலாளர் தரையைப் பார்த்தார். நான் எழுந்து, “அந்த உத்தரவுக்குக் காரணம் என் செய்தி. அதையும் குறிப்பில் சேருங்கள்” என்றேன். சேர்த்தார்கள்.

கூட்டம் முடிந்து ரெக்சனைப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க ஒரு வாக்கியம் தயார் செய்து வைத்திருந்தேன். “சாப்பிட்டீயளா அண்ணாச்சி?” என்று அவர் முந்திக்கொண்டார். அல்போன்சா வீட்டில் சாளை மீன் குழம்பு. அந்த வாக்கியத்தைச் சோற்றுக்கு நடுவில்தான் சொல்ல முடிந்தது. ரெக்சன் தலையாட்டிவிட்டு, குழம்புச் சட்டியை என் பக்கம் நகர்த்தினார்.

“அஞ்சு வரைக்கும் இழுத்தவருக்கு இன்னும் ரெண்டு துண்டு வையி” என்றார் அல்போன்சா, தன் மகளிடம்.

அக்டோபர் 16, வியாழன்

காலை 9.20க்கு ரெக்சன் அழைத்தார். பத்து நாளில் அவராக அழைத்தது இதுவே முதல் முறை.

“அண்ணாச்சி, எழுத்துல உத்தரவு தாறோம்னு சொல்லியிருக்காவ. வந்ததும் மொதல்ல ஒங்களுக்குத்தான் சொல்லுவேன்.”

“எனக்கு ஏன் தம்பி? வீட்டுல சொல்லுங்க மொதல்ல.”

“வீட்டுல பக்கத்துலதான இருப்பாவ. எந்த முடிவா இருந்தாலும் ஊருக்குத் தெரியணும்லா. நீங்க எழுதுனா சரியா இருக்கும்.”

சிக்னல் சரியில்லை என்று சொன்னேன். இங்கே சிக்னல் நன்றாகத்தான் இருக்கிறது.

ரெக்சன் மச்சாதுவின் பணி பற்றிய எழுத்துப்பூர்வமான உத்தரவு நிலுவையில் உள்ளது. குழுவில் ஏழு பேர். மூவர் அவர் தொடர வேண்டும் என்கிறார்கள், இருவர் கூடாது என்கிறார்கள், இருவர் சொல்லவில்லை. உத்தரவு சனிக்கிழமை, அக்டோபர் 18, மாலை ஐந்து மணிக்குள் எதிர்பார்க்கப்படுகிறது. நான் நான்கு மணிக்கே அங்கே இருப்பேன்.